இரண்டு அறை வீட்டுக்கான வரி

"சத்தியமா இனிமே சிரிக்க மாட்டேன்."

"நேத்தும் இதையேதான் சொன்னீங்க. அப்ப வந்த மாடிப்படி இப்பதான் உள்ள போச்சு" என்றாள் தையல்காரரின் மனைவி.

அந்த வீட்டில் சிரித்தால் அறை முளைக்கும். ஒரு பகல் முழுக்க யாரும் சிரிக்காமல் இருந்தால் முளைத்தது சுவருக்குள் போய்விடும். வீட்டை விற்றவர் முப்பது வருடம் குடியிருந்தும் இது அவருக்குத் தெரியாது. அவர் இருந்தவரை அது இரண்டு அறை வீடுதான். வீடு வாங்குகிறவர்கள் பரப்பளவுக்கேற்ப வரி கட்டினால்தான் பத்திரம் பதிவாகும். முன்பணம் கொடுத்துக் குடிவந்துவிட்ட தையல்காரரிடம் இருந்ததோ இரண்டு அறைக்கான வரிப்பணம். மூன்றாவது அறை தலைகாட்டினால் முன்பணமும் போச்சு, வீடும் போச்சு.

அளவெடுக்க வந்த வரி அதிகாரி, மூன்று பேரோடு ஒரே விடுதி அறையில் பல வருடங்களாகக் காலம் தள்ளுகிறவர். அவர் நாடாவைப் பிடித்து அளந்துகொண்டே போக, தையல்காரர் வாய் நிறையக் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு பின்னாலேயே நடந்தார். மனைவி தன் கையைத் தானே கிள்ளிக்கொண்டாள்.

"சார் ஏன் பேசவே மாட்டேங்கறார்?"

"பல்வலி சார்."

"அதுக்குக் குண்டூசியா வைக்கறது?"

சமையலறைச் சுவர் ஒரு சாண் புடைத்தது. தையல்காரர் தன் முதல் தையல் மெஷின் திருடுபோன நாளை அவசரமாக நினைத்துக்கொண்டதும் அடங்கியது.

அதிகாரி இரண்டு அறை என்று எழுதி, பணத்தை வாங்கி, ரசீதில் முத்திரை குத்தினார். குத்திய சத்தத்தோடு குண்டூசிகள் நாலாபக்கமும் பறந்தன. புருஷனும் பெண்டாட்டியும் தரையில் உருண்டு உருண்டு சிரித்தார்கள். ஐந்து அறைகள், நேற்றைய அதே மாடிப்படி, ஒரு பால்கனி, அதில் ஏற்கெனவே கட்டியிருந்த துணிக்கொடி எல்லாம் வந்து சேர்ந்தன. ரசீது போட்டபின் வளர்வதற்கு வரி கிடையாது என்பதால் அதிகாரி சுருட்டிய நாடாவை மறுபடி விரிக்கவில்லை. தன் சட்டைப் பித்தானில் குத்தி நின்ற குண்டூசியைப் பார்த்தார். துருப்பிடித்த கதவு திறப்பதுபோல் அவரிடமிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது.

அவர் முதுகுக்குப் பின்னால் சின்னதாக ஓர் அறை முளைத்தது. ஒரு கட்டில், ஒரு ஜன்னல், ஒரே ஒரு சட்டை மாட்ட ஒரு கொக்கி. அவர் எட்டிப் பார்த்தார். வாசலிலேயே ஷூவைக் கழற்றினார்.

"இது என் சிரிப்புல வந்ததுங்க... வாடகை மாசாமாசம் ஒழுங்கா குடுத்துடறேன். நான் இங்கயே இருந்துக்கட்டுமா?"