மன்றாடியவர்

அகராதி அலுவலகத்தில் அந்த வாரம் அவள் தலையில் வந்து விழுந்தது ‘மன்றாடு’ என்ற சொல். மன்று என்றால் அவை, வழக்குத் தீர்க்கும் இடம். அங்கே எழுந்து நின்று தன் பக்கத்து நியாயத்தை எடுத்துச் சொல்வதுதான் முதலில் மன்றாடுதல். கெஞ்சுவது, கடவுளிடம் கையேந்துவது எல்லாம் பிறகு வந்து ஒட்டிக்கொண்ட பொருள்கள். பழைய பொருளை முதலில் போடுவது அங்கே வழக்கம். அதை எழுதிவிட்டாள். இரண்டாவதை எழுதத்தான் அவளுக்குக் கை வரவில்லை. நிமிர்ந்து நின்ற சொல்லுக்கு யார் குனியக் கற்றுக்கொடுத்தார்கள் என்று எரிச்சலாக இருந்தது.

யாரிடமும் கெஞ்சிப் பழகாதவள் அவள். பஸ்ஸில் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லக்கூட வாய் வராது. அப்படிப்பட்டவளைத்தான் அன்று சாயங்காலமே ஒரு கூட்டத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார் மாமனார்.

மாமனார் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது நினைவு தப்பிவிட்டது, கை மட்டும் எதையும் மறக்கவில்லை. குடியிருப்பு லிஃப்டின் மின்பெட்டியைத் திறந்து, ரிப்பேர் பார்ப்பதாக நினைத்து ஒயரைக் கழற்றிவிட்டார். குடியிருப்போர் சங்கச் செயலாளரின் மனைவி இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு, அலறி, மயங்கியே விழுந்துவிட்டாள். யார் செய்த புண்ணியமோ, உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. பெரியவரை ஏதாவது முதியோர் இல்லத்தில் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று சங்கம் கூடிவிட்டது.

“கால்ல விழுந்தாவது காரியத்த முடிச்சிடலாம்” என்றான் கணவன்.

“எதுக்கு விழணும்? நியாயத்தப் பேசுவோம்” என்றாள் அவள்.

பேசவும் செய்தாள். கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டுக் கூட்டம். மாமனாரைத் தனியே விட முடியாதென்று அவரையும் கூட்டி வந்து கடைசி வரிசையில் உட்கார வைத்திருந்தாள். பெட்டிக்குப் பூட்டு, பகலில் கூட இருக்க ஒரு ஆள் என்று ஒவ்வொன்றாக அடுக்கினாள். குரல் துளியும் நடுங்கவில்லை.

“பூட்டா?” என்றார் செயலாளர். “காலமெல்லாம் லிஃப்ட்டையே கழட்டி மாட்டினவருக்கு உங்க பூட்டு எந்த மூலைக்கு?”

சிலர் சிரித்தார்கள். செயலாளரின் மனைவி சிரிக்கவில்லை. “உள்ள மாட்டிக்கிட்டது நான். தனக்கு வந்தாத்தான் தெரியும் தலைவலியும் வயித்துவலியும்” என்றாள்.

மருமகள் அதற்குப் பதிலைத் தேடவே இல்லை என்பதுதான் உண்மை. ஊரே கூடிப் போகச் சொல்லிவிட்டால் பழி தன் தலையில் விழாது, இனிமேலாவது நிம்மதியாகத் தூங்கலாம் என்று மனசுக்குள் ஒரு குரல் சொல்லிக்கொண்டிருந்தது. அது காதில் விழுந்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

அப்போது கடைசி வரிசையில் மாமனார் எழுந்தார்.

“யாரோ வயசானவராம். தெரியாம பண்ணிட்டாரு போல. அனுப்பிடாதீங்கய்யா, பாவம், எங்க போவாரு?” கையைக் கூப்பினார். “உங்களுக்குத் தொந்தரவுன்னா எங்க வீட்டுல வச்சுக்கறேன். என் மருமக ஒண்ணும் சொல்லமாட்டா. தங்கம் அவ.”

சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். அவள் கைகள் தாமாகவே கூம்பின.

“அவர எங்ககிட்டயே விட்டுடுங்க” என்றாள். மேலே பேச வந்தது அழுகையாகிவிட்டது. அந்தப் பழைய அவைகளில் நியாயம் பேசியவர்களும் கடைசியில் இப்படித்தானே நின்றிருப்பார்கள்? பறிபோகப் போவது தன் வீட்டு மனுஷன் என்றால் எந்த வழக்குத்தான் கெஞ்சலில் முடியாது? இரண்டாவது பொருள் பிறகு வந்து ஒட்டியதல்ல, ஆரம்பத்திலிருந்தே உள்ளே இருந்திருக்கிறது என்று அவளுக்குப் பட்டது.

செயலாளர் தன் மனைவியைப் பார்த்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பூட்டையே போடுங்க. நல்ல பூட்டா பாத்துப் போடுங்க” என்றாள்.

கணவன் நாற்காலிகளை அடுக்க நின்றுவிட்டான். அவள் மாமனாரின் கையைப் பிடித்துப் படியேறினாள்.

“அந்தப் பெரியவர விட்டுட்டாங்களாம்மா?”

“விட்டுட்டாங்க மாமா.”

“நம்ம வீட்டுக்குத்தானே வராரு? எங்க படுப்பாரு?”

“உங்க கட்டில்லதான் மாமா.”

அவர் நின்று கொஞ்சம் யோசித்தார்.

“சரிம்மா. நான் செவுத்தோரமா ஒடுங்கிப் படுத்துக்கறேன். அவரு தாராளமா படுக்கட்டும்.”