நிற்காத கார்

கறுப்பாக, பின்னால் இரண்டு இறக்கைகள் நிமிர்ந்திருக்க, முன்கண்ணாடி முழுக்க வெயிலாக அது என்னை நோக்கி வருகிறது, ஓட்ட ஆளில்லை, பிடிக்க ஸ்டியரிங் இல்லை, வெள்ளை உப்பு வெளியில் தூசிகூட எழுப்பாமல் வருகிறது, இன்னும் அம்பது வருசத்துல அமெரிக்காவுல ஓடப்போற காருங்க அப்பாரு, நம்ம பழைய பிளிமத் காரைச் சொல்லித்தான் ஏஐகிட்ட வரையச் சொன்னேன் என்கிறாள் கணினித் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் பேத்தி பூரணி, கார் வடிவமைக்கிற உத்தியோகம் அவளுக்கு, மாலைக்குள் இதைப் போட்டிக்கு அனுப்ப வேண்டுமாம், காருக்கு என் அப்பாவின் பெயர், சேனாபதி, அதற்கு என் சம்மதம் வேண்டும், அப்பாவின் கார் இதைவிடக் கறுப்பு, அதன் கதவில் தெருவே முகம் பார்க்கும், நான் சொல்லச் சொல்ல அவள் தட்டுகிறாள், இறக்கை உயர்கிறது, குரோமியப் பட்டை ஓடுகிறது, வாசனையைத்தான் அதற்குச் சொல்ல முடியவில்லை, பெட்ரோலும் சம்பங்கி மாலையும் கலந்த வாசனை, அந்த வருச மாரியம்மன் தேரன்று முதல் பரிவட்டம் கட்டிக்கொள்ளப் போகிறோம், பின்சீட்டில் அப்பா, பக்கத்தில் மீசை முளைக்கும் வயதில் நான், இந்த வருசம் பரிவட்டம் எங்களுக்கு என்று பங்காளிகள் கடப்பாரையோடு தெருவை அடைத்து நிற்கிறார்கள், மேல ஏத்துடா என்கிறார் அப்பா, டிரைவர் நாச்சிமுத்து பிரேக்கை மிதித்துவிட்டுக் கதவைத் திறந்து ஓடுகிறான், எறங்குங்க சித்தப்பா, எறங்கி நடந்து போனா உட்டர்றோம் என்கிறான் ஒருவன், அப்பா இறங்கவில்லை, நீயும் எறங்காதடா என்கிறார், முன்கண்ணாடி சிலந்தி வலையாகிறது, அடுத்த அடியில் மழையாக உதிர்கிறது, எறிந்த கடப்பாரை முன்சீட்டைத் தாண்டிப் பாய்ந்து அவர் மார்பைப் பிளக்கிறது, என் முழங்காலில் ரத்தம் சூடாக, அவர் முதுகு சீட்டில் சாயாமல், செத்த பிறகும் சாயாமல், எங்கள் குடும்பத்தில் யாரும் இறங்கியதில்லை என்று இன்றைக்கும் ஊர் சொல்லும்.

இதுக்கு முன்னால ஆரு வந்தாலும் தானா நின்னுக்குமுங்க, ஒரு உசுரு போகாது என்கிறாள் பூரணி, அதைத்தான் பெருமையாகச் சொல்கிறாள், என் காதில் பிரேக் கிறீச்சிடுகிறது, நின்றதால்தானே செத்தார், நிக்காத காரா வரையச் சொல்லு என்கிறேன் கைத்தடியை ஊன்றி, அவள் தட்டுகிறாள், ஏஐ மறுக்கிறது, வார்த்தையை மாற்றித் தட்டுகிறாள், கார் கூட்டத்துக்குள் பாய்கிறது, முகமில்லாத ஆட்கள் தெறிக்கிறார்கள், ஒருவனுக்கு ஆறு விரல், இன்னொருவனின் கை கடப்பாரையோடு தனியாகப் பறக்கிறது, பம்பரிலிருந்து சிவப்பு வழிகிறது, எனக்கு நெஞ்சு நிறைகிறது, அப்பா கோயில் வாசலில் போய் இறங்குகிறார், தலையில் பரிவட்டம் ஏறுகிறது, இதுக்கு வெய்யி அவரு பேரை என்கிறேன், பூரணி அந்தப் படத்தை அழிக்கிறாள், ஆளைக் கொல்ற காருக்கு எம்பட பூட்டன் பேரு ஆகாதுங்க, நிக்கிற காருக்குத்தான் வெப்பேன், என் சம்மதமில்லாமலா, ஆமாங்க, ஒங்க சம்மதமில்லாமத்தான்.

தடி ஓங்கியிருக்கிறது, எந்திரிச்சுப் போயிரு, போயிட்டா உட்டர்றேன் என்று யாரோ சொல்கிறார்கள், குரல் என்னுடையது, அவள் எழுந்திருக்கவில்லை, திரை சிலந்தி வலையாகிறது, வலைக்குப் பின்னால் கறுப்புக் கார் துண்டு துண்டாக நின்றுகொண்டிருக்கிறது, தடி மறுபடி உயர்கிறது, அதன் நுனி கிழித்த அவள் நெற்றியிலிருந்து ரத்தம் இறங்க, முதுகு நாற்காலியில் சாயாமல், ஒரு விரல் விசையை அழுத்தியபடியே, அனுப்பியாச்சுங்க அப்பாரு என்கிறாள்.