நூல் சேலையில் விழுந்த இலுப்பைப் பூ

மூன்று வருடமாக என் நாத்தனார் மணிமேகலையிடம் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் எதிரே வருகிற தெரு என்றால் அடுத்த தெரு வழியாகப் போய்விடுவேன். என் ரோஷம் அப்படி. "ஒரே ஊருக்குள்ள இந்தியா பாகிஸ்தானா இருக்கீங்களே" என்பார் என் வீட்டுக்காரர் நாகராசு. தங்கச்சிக்கு வக்காலத்தா என்று அவருக்கும் சேர்த்து விழும்.

காரணம் ஒரு சேலை. அவள் புது வீட்டில் பால் காய்ச்சியபோது, பிறந்த வீட்டுச் சீராகக் கிளிப்பச்சையில் அரக்குக் கரை போட்ட நூல் சேலை கொண்டுபோனேன். அரை நாள் கடையில் நின்று பொறுக்கிய சேலை. தட்டைப் பார்த்ததும், நாலு பேர் நடுவில், "எங்கண்ணன் பட்டுதான் எடுத்திருப்பாரு, யாரு கையப் புடிச்சாங்களோ" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. கை நனைக்காமல் வந்துவிட்டேன்.

இந்தச் சித்திரையில், அறந்தாங்கியில் கட்டிக்கொடுத்த என் மகள் ரஞ்சிதாவுக்கு மூன்றாம் மாதம். மாப்பிள்ளை கத்தாரில். கஞ்சி குடித்தாலும் வாந்தி, மாதுளை தின்றாலும் வாந்தி. இரண்டு தடவை குளுக்கோஸ் ஏற்றியாயிற்று. அன்று போனில், "அம்மா, இலுப்பப்பூ உருண்டை இருந்தா திம்பேன் போல இருக்கு" என்றாள். பிள்ளை வாய் திறந்து ஒன்று கேட்டுவிட்டதே என்று எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

பூவுக்கு எங்கே போவேன்? கஜா புயல் எங்கள் அய்யனார் கோயில் காட்டில் விட்டுவைத்தது மூன்று இலுப்பைதான். இரண்டில் பூ முடிந்துவிட்டது. மிச்சமிருக்கிற மரத்தடியில் யாரோ சேலை விரித்திருப்பதாகச் சொன்னார்கள். சாமி மரத்தை உலுக்கக் கூடாது, கல் எறியக் கூடாது. தானாக உதிர்வதைத்தான் எடுக்கலாம். மண் ஒட்டாமலிருக்கக் கீழே பழைய சேலையை விரித்துவைப்போம். யார் சேலை கிடக்கிறதோ அவர்களுக்குத்தான் பூ. அவர்களைக் கேட்காமல் ஒன்றைக்கூடத் தொட மாட்டோம்.

யாராயிருந்தால் என்ன, கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று விடிந்ததும் தூக்குச்சட்டியோடு போனேன். காட்டுக்கு வெளியே செருப்பை விட்டு உள்ளே போனால், அந்த அரக்குக் கரை! என் கையால் பொறுக்கியதை நான் மறப்பேனா? மேலெல்லாம் வௌவால் எச்சம், அது சப்பித் துப்பிய பூ. பக்கத்தில் குத்தவைத்துப் பொறுக்கிக்கொண்டிருந்தாள் மணிமேகலை.

"ஏண்டி, நான் எடுத்துக் குடுத்த சேலை வௌவாலு பேலுறதுக்கா?"

மூன்று வருடம் கழித்து நான் பேசிய முதல் பேச்சு அதுதான்.

அவள் பதிலுக்குக் கத்தவில்லை. விரித்திருந்த சேலையின் முந்தானையை எடுத்து என் கையில் கொடுத்தாள். "தொட்டுப் பாருங்கண்ணி."

தொட்டேன். துணி நைந்து மெத்தென்று இருந்தது. பச்சை வெளுத்துப் போயிருந்தது. இரண்டு இடத்தில் ஒட்டுத் தையல்.

"அடிக்கிற வெயிலுக்கு இதத் தவிர எதுவும் ஒடம்புல நிக்கல. வயலுக்கும் இதான், கீரமங்கலம் சந்தைக்கும் இதான். கட்டிக் கட்டிப் போன மாசந்தான் கிழிஞ்சுச்சு" என்றாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "அன்னைக்கி வாய் தவறி வந்துருச்சு. அப்பறம் ஒங்க மூஞ்சில முழிக்க வெக்கமா இருந்துச்சு" என்றாள்.

அடுத்த தெரு வழியாகவே போனவளுக்கு, இவள் என்ன கட்டியிருக்கிறாள் என்று எப்படித் தெரியும்? என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. செருப்பு காட்டுக்கு வெளியே கிடந்தது.

"ரஞ்சிதாவுக்கு..." என்று இழுத்தேன்.

"தெரியும். எனக்குந்தான் போன் போட்டுச்சு. இந்தப் பூவே அதுக்குத்தான். அங்கிட்டு உக்காந்து பொறுக்குங்கண்ணி, வெயில் ஏறுனா பூ வாடிரும்."

இரண்டு பேருக்கும் போன் போட்டிருக்கிறாள் பாருங்கள், கள்ளி!

அவள் வீட்டு அடுப்பில்தான் வறுத்தோம். நரம்பை நீக்கிய பூ இரும்புச் சட்டியில் சிவக்கச் சிவக்கத் தெருவே மணத்தது. வறுத்த எள்ளும் பூவும் உரலில் இடிபட்டதும் தானே பிசுபிசுத்து உருண்டைக்கு வந்துவிட்டது. சர்க்கரையே வேண்டாம், அவ்வளவு தித்திப்பு. எள்ளைக் கருக்கிவிட்டாய் என்றேன். "நீங்க புடிக்கிற உருண்ட கோலிக்குண்டாட்டம் இருக்கு" என்றாள். மூன்று வருடப் பாக்கியையும் சேர்த்துப் பேசினோம்.

மதிய பஸ்ஸில் அறந்தாங்கி போனோம். ரஞ்சிதா ஒன்றைத் தின்றாள். இன்னொன்று எடுத்தாள். நாங்கள் இரண்டு பேரும் மூச்சு விடாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். குமட்டவில்லை. கொல்லைப்பக்கம் ஓடவில்லை. மூன்றாவதைக் கடித்துக்கொண்டே, "அம்மா இடிச்சதா, அத்தை இடிச்சதா?" என்றாள்.

"ரெண்டு பேருந்தான்டி."

"அதான் உள்ள நிக்குது" என்று சிரித்தாள். சட்டி காலியாகிற வரை அவள் எழுந்திருக்கவில்லை.

திரும்பி வருகிறபோது பஸ்ஸில் எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். "அடுத்த சித்திரைக்கு நம்ம மடியில பேரப்புள்ள இருக்கும். இந்தத் தடவ ஒனக்குப் பட்டே எடுத்துத் தாரேன்டி" என்றேன்.

"வேணாங்கண்ணி, நூலே எடுங்க" என்றாள் மணிமேகலை. "பட்டுன்னா பீரோவுலதான் கெடக்கும்."