கடைசிக் கண்ணி

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். தையல் மிஷினில் உட்கார்ந்தபடியே தெரு முழுவதையும் வம்புக்கு இழுப்பேன். அந்த வாயை வைத்துத்தான் எங்கள் வரிசை வீட்டுக்காரர்கள் அத்தனை பேரையும் மதிலில் ஓட்டை போட வைத்தேன்.

தெருவின் ஒரு முனையில் குளம். மறுமுனையில் மரங்கள் அடர்ந்த பூங்கா. நடுவில் எங்கள் தோட்டங்கள். குளத்தோரத்துக் கீரியும் தவளையும் பூங்காவுக்குப் போகவேண்டுமென்றால் ரோட்டில் இறங்கி லாரியில் நசுங்க வேண்டும். மதிலின் அடியில் இரண்டு செங்கல்லை எடுத்துவிட்டு, பக்கத்தில் ஒரு புதர்ச்செடி வைத்து, சருகைக் கூட்டாமல் விட்டால், தோட்டம் தோட்டமாகவே போய்ச் சேர்ந்துவிடும்.

ரிட்டயரான பஸ் டிரைவர்தான் எங்களுக்குத் தலைவர். "இது ஒரு சங்கிலிம்மா. ஒவ்வொரு வீடும் ஒரு கண்ணி. ஒரு கண்ணி விட்டுப்போனாலும் சங்கிலி இல்ல, வெறும் துண்டு" என்பார். அதிலிருந்து வீட்டுக்குக் கண்ணி என்றே பெயராகிவிட்டது. "நர்ஸ் வீட்டுக் கண்ணில தண்ணி வச்சாச்சா?" என்றுதான் பேசிக்கொள்வோம்.

விட்டுப்போன கண்ணி என் தம்பி வீடு, பூங்காவை ஒட்டிய கடைசி வீடு. அப்பாவின் வீட்டை இரண்டாகப் பிரித்தபோது எழுப்பிய மதிலுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன். அம்மா போன பிறகு அவனைத் தூக்கி வளர்த்தவள் நான். கோழி வளர்க்கிறான், அதனால் கீரி என்றாலே ஆகாது. எப்போது கேட்டாலும் "பாக்கலாம்க்கா" என்று நழுவுவான்.

"சொந்தத் தம்பியை வழிக்குக் கொண்டுவர முடியல, ஊரைத் திருத்தக் கிளம்பிட்டாங்க" என்று நர்ஸ் கிண்டலடித்தாள். எனக்குச் சுருக்கென்றது.

ஒருநாள் அவனே மனைவியோடு என் தையல் கடைக்கு வந்தான். "அக்கா, ஓட்டை போட்டுக்கோ. என் தோட்டத்துலயும் ஒரு கண்ணி வைக்கிறேன்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. "வைடா தங்கம், வை!" என்று கன்னத்தைக் கிள்ளினேன். அவன் மனைவி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சந்தோஷம் போலிருக்கிறது என்று நினைத்தேன். அன்றைக்கே செங்கல்லை நானே பெயர்த்தேன்.

கால்தடம் பார்க்க டிரைவர் ஒவ்வொரு ஓட்டையின் முன்னாலும் ஈரமணல் பரப்பினார். தடம் விழுந்தது! காது கிழிந்த ஒரு பெண் கீரி என் தோட்டத்துக்கு அடிக்கடி வரும். யாரையும் சட்டை செய்யாமல் விறுவிறுவென்று போகும். 'மேடம்' என்று பெயர் வைத்திருந்தோம். அதன் கால்தடம் மாதிரியே நாலைந்து தடங்கள் தம்பி தோட்டத்துக்குள் போவதைப் பார்த்ததும் தெருவையே கூட்டிவிட்டேன். "பாருங்கய்யா, என் தம்பி வீட்டு வழியாத்தான் போகுது!"

அவன் வேலிக்கு அப்பால், பூங்காப் பக்கத்து மணலில் மட்டும் ஒரு தடமும் இல்லை. "புது இடம், கூச்சமா இருக்கும்" என்றார் டிரைவர். நானும் தலையாட்டினேன்.

நேற்று மதியம் தம்பிக்கென்று இன்னொரு செடியை எடுத்துக்கொண்டு நேராக அவன் தோட்டத்துக்குப் போனேன். ஓட்டைக்கு அந்தப் பக்கம், செங்கல் பெயர்த்த அன்று நான் கொடுத்த புதருக்குள், முளையில் கட்டிய கம்பிச் சுருக்கு. அதில் மேடம். உடம்பு இன்னும் சூடாக இருந்தது.

"டேய்!" என்று கத்தினேன். அவன் சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

"என்னக்கா, உன்கிட்ட சொல்லிட்டுத்தானே வச்சேன்? கண்ணி வைக்கிறேன்னேன். வைடா தங்கம்னு நீதானே சொன்னே?"

உள்ளே அவன் மனைவி சிரிப்பது கேட்டது.

கண்ணியாகச் சேருகிறேன் என்று அவன் சொல்லவே இல்லை. வைக்கிறேன் என்றான். பொறி வைக்கிறவனின் பேச்சு அது. புருஷனும் பெண்டாட்டியும் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள், நான் கன்னத்தைக் கிள்ளியதையும் சேர்த்து.

"இதுக்கு முன்னாடி எத்தனைடா?"

"கணக்கா வச்சேன்?"

"வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நர்ஸ் வீட்டுப் பின்பக்கமா சுத்திப் பாதையைக் கொண்டுபோயிருப்போமேடா பாவி!"

"எதுக்கு? முன்னாடி எந்தப் பக்கம் வருதுன்னே தெரியாது. இப்ப எல்லாம் ஒரே வழியா நேரா வருது. உன் புண்ணியத்துல கோழிக்குப் பயமில்ல."

நம்பவைத்துக் கழுத்தை அறுத்துவிட்டான். அறுக்கக் கழுத்துகளை வரிசையாக அனுப்பிவைத்தவள் நான். சுருக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மேடத்தை என் முந்தானையில் சுற்றி எடுத்துவந்தேன்.

மேடத்தைப் பார்த்ததும் டிரைவர் சிமெண்ட் குழைத்துக் கொடுத்தார். "அப்ப சங்கிலி?" என்றார் கடைசியில்.

"சுத்திப் போவோம்ணே. முதல்ல இதை அடைக்கணும்."

எடுத்துவைத்திருந்த அதே செங்கல்லை எடுத்தேன். ஒன்றைப் பதித்ததும் அந்தப் பக்கம் அவன் குரல். "அக்கா, விளையாட்டுக்குத்தானே சொன்னேன். இதுக்குப் போயி யாராவது மதிலை அடைப்பாங்களா?" மிச்சமிருந்த சந்து வழியாக அவன் கை நீண்டு என் மணிக்கட்டைப் பிடித்தது. நடை பழக நான் பிடித்த கை. எதிரில் பார்த்தால் மன்னித்துவிடுவேன் என்று எனக்கே தெரியும்.

"கையை எடுடா. சிமெண்ட் காயுது" என்றேன்.