கொழுந்து மாடியில் அறுபது பனியன்

ரோசி ரப்பர் கட்டையை அச்சுச் சட்டத்தின் மேல்முனையில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பாக இழுத்தாள். பனியன் நகராமல் அதன் இரண்டு ஓரங்களையும் சூசையப்பன் பலகையோடு அழுத்திப் பிடித்திருந்தார். அவள் சட்டத்தைத் தூக்கியதும், வெள்ளைப் பனியனின் முதுகில் எஸ்டேட்டின் பெயர் நீலமாக உட்கார்ந்திருந்தது. அடுத்த சட்டத்தை வைத்து இழுத்தாள். பெயருக்குக் கீழே கையகலத்துக்கு ஒரு ஒன்பது. ஒன்றுமே இல்லாத துணியில் கண்மூடித் திறப்பதற்குள் இவ்வளவும் எங்கிருந்துதான் வருகிறதோ! நூறு தடவை பார்த்தாயிற்று, சூசையப்பனுக்கு மலைப்பு தீர்ந்தபாடில்லை.

"யப்பா, வாயைப் பொளந்துக்கிட்டு நிக்காதீங்க. அடுத்ததை எடுங்க."

"எடுக்கேன்ட்டி. அந்த ஒம்பதுக்கு வாலு எம்புட்டு வடிவா வந்திருக்கு பாரு."

"லோகத்துல ஒம்பதையே பாக்காத ஆளு" என்றாள் அவர் மனைவி செபமாலையம்மாள், ஈரப் பனியனை விரல் நுனியால் வாங்கிக் கொடியில் போட்டபடி. அவளுக்கு முதுகெலும்பு தேய்ந்து தேயிலைக் கொழுந்தெடுக்கும் வேலை நின்று மூன்று வருஷமாகிறது. வேலையில் இருப்பது சூசையப்பன் ஒருவர்தான். அவர் வேலையில் இருக்கும் வரைக்கும்தான் எஸ்டேட் லயத்தில் குடியிருக்க இந்த ஓர் அறையும்.

ரோசி கோட்டயத்தில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் கல்லூரியில் பி.ஏ. இரண்டாம் வருஷம் படித்தாள். மடத்தில் திருவிழாக் கொடிகளுக்கு எழுத்து அச்சடிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தே படித்துக்கொண்டாள். முதலில் விடுதியின் கூடைப்பந்து அணிக்குப் பத்து பனியன் அடித்தாள். எண்கள் கொஞ்சம் கோணலாகத்தான் நின்றன. ஆனாலும் அதைப் பார்த்துப் பக்கத்துக் கல்லூரிக்காரர்கள் கேட்டார்கள். பிறகு ஏலப்பாறைப் பந்தாட்டக் குழுக்கள் இரண்டும் கேட்டன. போன வருஷம் கம்பம்மெட்டு ஏலக்காய் வியாபாரி ஒருவர் தன் சுமைக்காரர்களுக்கு என்று நாற்பது கேட்டார். திருப்பூரிலிருந்து பனியன் கட்டு பஸ்ஸின் தலையில் வந்து இறங்கும். விடுமுறைக்கு அவள் வந்துவிட்டால் கட்டில் சுவரில் சாய்ந்துவிடும், பலகை நடுவீட்டுக்கு வந்துவிடும். இந்த வருஷக் கல்லூரிச் செலவை அவளே பார்த்துக்கொண்டாள். சூசையப்பன் அதை எதிரில் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி, கேட்டவர்களையே மறுபடி பிடித்தும் சொல்லியிருந்தார்.

இப்போது எஸ்டேட் மானேஜர் துரையே ஆள் அனுப்பி அறுபது கேட்டிருந்தார். ஆகஸ்ட் பதினைந்தில் எஸ்டேட்டுகளுக்குள் பந்தாட்டம். பத்தாம் தேதிக்குள் பனியன் ஆபீஸுக்குப் போக வேண்டும்.

மழைதான் விடவில்லை. ஒன்பது நாளாகச் சூரியனைக் கண்ணில் காணவில்லை. மண்ணெண்ணெய் கலந்து குழைத்த மசி, தொட்டால் விரலில் ஒட்டியது. முதல் வாரம் சோற்றிலும் அதே நெடி, குடிக்கிற தண்ணீரிலும் அதே நெடி என்று செபமாலையம்மாள் புலம்பினாள். ஒரு மாதம் ஆனதும் புலம்பல் நின்றுவிட்டது. நெடி அவளுக்கே தெரியாமல் போயிருந்தது.

எட்டாம் தேதி சாயங்காலம் டீமேக்கர் குரியன் குடையோடு வந்து வாசலில் நின்றார். தேயிலை பக்குவம் பார்க்கிறவர் அவர். பந்தாட்டக் குழுவுக்கும் அவர்தான் தலைவர்.

"எல்லாம் ஈரமாத்தானே கிடக்கு, சூசையப்பா. மேல கொழுந்து மாடில வடக்கு வரிசை காலிதானே? கொண்டுபோய் விரி. காலைல உணங்கிடும்."

சூசையப்பன் திடுக்கிட்டார். தொழிற்சாலை மேல்மாடியில் கொழுந்தை விரித்து வாட்டுகிற வேலை அவருக்கு. இருபத்திரண்டு வருஷம். கீழிருந்து வெங்காற்று வந்து இலை வாடும் இடம் அது. அந்நேரத்தில் எந்த வாசனை வந்தாலும் இலை இழுத்துக்கொள்ளும். பீடி கூடாது, தலைக்கு எண்ணெய் கூடாது, பூ வைத்த பொம்பளையைப் படி ஏற விடமாட்டார். செண்டு பூசி வந்த துரையின் மச்சானையே படியில் நிறுத்தி வைத்த ஆள்.

"சார், மசி வாடை இருக்குமே."

"உன் மூக்குக்குத் தெரியாத வாடையா? நீயே மோந்து பாரு. எனக்கு ஜலதோஷம்."

சூசையப்பன் ஒரு பனியனை எடுத்து முகத்தில் வைத்து ஆழமாக இழுத்தார். துணி வாசம் மட்டும்தான் வந்தது. இன்னொன்றை எடுத்துப் பார்த்தார். அதுவும் அப்படித்தான்.

"ஒண்ணும் இல்ல சார்" என்றார், முழு மனசோடு.

வடக்கு வரிசையில் அறுபதும் விரிந்தன. தெற்கே பச்சைக் கொழுந்து. நடுவில் நின்று அவர் பார்த்தார். வெங்காற்றில் முதுகுகள் உப்பி உப்பி அடங்கின. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்களை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வரிசை முழுக்க நடந்தார். ஏசுவே, இவ்வளவும் என் மகள் கை என்று நினைத்தபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. காலையில் தொட்டுப் பார்த்தார், விரலில் ஒட்டவில்லை. மடித்துப் பெட்டியில் போட்டு ஆபீஸில் கொடுத்தார்.

பத்தாம் தேதி சுவை பார்க்கும் மேசையில், ஜலதோஷம் விட்டிருந்த குரியன் ஒரு வாய் உறிஞ்சித் துப்பினார். அடுத்த கிண்ணத்தையும் துப்பினார். அந்த ராத்திரி வாடின கொழுந்தில் அரைத்த தேயிலை மொத்தமும் மண்ணெண்ணெய் நாறியது. துரை வந்தார். மாடியில் பனியன் உலர்ந்த கதை வெளியே வந்தது.

"யார் சொல்லி விரிச்சே?"

சூசையப்பன் குரியனைப் பார்த்தார். குரியன் கிண்ணத்தைப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது சார்" என்றார் குரியன்.

துரை ஒரு கிண்ணத்தைச் சூசையப்பன் கையில் கொடுத்து மோந்து பார்க்கச் சொன்னார். அவர் மோந்தார். சூடு தெரிந்தது, தேயிலை தெரிந்தது.

"எனக்கு ஒண்ணும் வாடை தெரியலீங்க சார்."

அறையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். இருபத்திரண்டு வருஷ மூக்குக்காரன் முகத்துக்கு நேரே பொய் சொல்கிறான் என்று எழுதி, சீட்டைக் கிழித்தார்கள். பதினைந்தாம் தேதி சாயங்காலத்துக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும்.

சங்கக் காரியதரிசி சங்கையா வாசலோடு வந்து போனார். "இப்ப காலம் சரியில்ல அண்ணே. கொடி பிடிச்சா போலீஸ்காரன் உள்ள தூக்கிப் போட்டுருவான். கொஞ்சம் பொறுத்துக்கிடுங்க."

ரோசி பொறுக்கவில்லை. நேரே ஆபீஸுக்குப் போய், குரியன் சார் சொல்லித்தான் விரித்தோம் என்று துரையிடம் சொன்னாள். துரை மாதிரிக்கு எடுத்து வைத்த ஒரு பனியனைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அப்பா விஷயம் முடிஞ்சு போச்சு. உன் வேலை நல்லா இருக்கு. ஏழு எஸ்டேட்டுக்கும் சேர்த்து நானூறு வேணும். கிறிஸ்துமஸுக்குள்ள."

"எங்க வச்சு அடிக்கிறது சார்?"

"அது உன் பாடு."

பதினைந்தாம் தேதி மத்தியானம் கட்டிலும் சட்டங்களும் வாசலில் கட்டிக் கிடந்தன. கம்பத்துக்குப் போகிற லாரி வர இரண்டு மணி நேரம் இருந்தது. மூடின மசி டப்பாவை ஐந்து நாளாக யாரும் திறக்கவில்லை. கதவும் சன்னலும் திறந்தே கிடந்து, அறை மழைக்காற்றில் குளிர்ந்து போயிருந்தது.

"ஒரு நிமிசம் பாத்துட்டு வந்திருதேன்" என்றார் சூசையப்பன்.

"என்னத்தப் பாக்கப் போறீக, அவனுகளையா?" என்றாள் செபமாலையம்மாள்.

"பனியனை."

மைதானத்தின் வேலி ஓரம் நின்றார். அன்று காலையில்தான் மூடிக் கிடந்த பெட்டியிலிருந்து எடுத்து ஆட்டக்காரர்களுக்குக் கொடுத்திருந்தார்கள். பச்சை மலைக்கு நடுவில் நீல எண்கள் ஓடின, பாய்ந்தன, ஒன்றன்மேல் ஒன்று விழுந்து எழுந்தன. அந்த ஒன்பதாம் எண் ஒரு கோல் போட்டது. அவர் தன்னை மறந்து கை தட்டினார். தூறலில் நனைந்த பிறகும் அந்த ஒன்பது, பலகையிலிருந்து எழுந்தது மாதிரியே பளிச்சென்று நின்றது. ஜெயித்தது நம் எஸ்டேட்தான். துரை கோப்பையைக் குரியன் கையில் கொடுத்தார். குரியன் அதைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு குழுவோடு மைதானத்தைச் சுற்றி ஓடி வந்தார்.

வேலியை ஒட்டி, சூசையப்பனுக்கு ஒரு முழத் தூரத்தில், அவர்கள் கடந்தார்கள். ஈர முதுகுகளிலிருந்து காற்று இந்தப் பக்கம் அடித்தது. மண்ணெண்ணெய்.

கோப்பையும் ஆரவாரமும் தள்ளிப் போய்விட்டன. சூசையப்பன் இரண்டு கைகளாலும் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, இன்னொரு தடவை ஆழமாக மூச்சை இழுத்தார்.