இடுப்பு வரை வந்த உருவம்

1

காலையில் ஜாலுங் எழுவான். அடுப்பு மூட்டுவான். குழந்தைக்குக் கஞ்சி, தனக்குக் காபி. ஆற்றில் துணி அலசுவான். திரும்பி வந்து, சுவரில் தொங்கும், குழந்தையைச் சுமக்கும் முதுகுத்தூளியைப் பார்ப்பான். பிறகு பார்க்காமல் இருப்பான்.

(ஜாலுங் நான்தான். 'அவன்' என்று எழுதினால் கை ஓடுகிறது.)

இந்தக் கதை அந்தத் தூளியிலிருந்து வந்தது. அதன் முதுகுப் பலகைக்காக என் மனைவி உபுங் மணி கோத்து ஒரு மனித உருவம் செய்துகொண்டிருந்தாள். முகம், கைகள், இடுப்பு. அதற்குள் காய்ச்சல் வந்தது. அவள்

இந்த வாக்கியத்தை இப்படியே விடுகிறேன்.

2

ஒரே கூரையின் கீழ் வரிசைக் கதவுகளோடு பல குடும்பங்கள் வாழும் எங்கள் தயாக் இனத்து நீளவீட்டில் முழு உருவம் தலைவர் குடும்பத்துப் பிள்ளைகளின் தூளிக்கு மட்டும். மற்றவர்களுக்குப் பாதி. உபுங் நடுக்கதவுக்காரி, தலைவர் வீட்டுப் பெண். ஜாலுங் கடைசிக் கதவு, சாதாரணக் குடும்பம். பட்டணத்தில் படித்துவந்தால் கதவு நகர்ந்துவிடாது.

குழந்தைக்குப் பெயர் வைக்கும் விழாவுக்கு ஒரே நாள் இருந்தது. எந்த உருவத்தோடு குழந்தையைத் தூக்கி வருகிறார்களோ, ஆயுசுக்கும் அதுதான் அவள் இடம். உபுங்கின் அத்தை பெலிஞ்சாங் தீர்ப்பே சொல்லிவிட்டாள்: அது பாதியில் நின்ற வேலை இல்லை, அப்பன் குடும்பத்துக்கு ஏற்ற பாதி உருவம், உபுங் யோசித்துத்தான் நிறுத்தியிருக்கிறாள்.

[அத்தையைக் கொடுமைக்காரியாக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. உபுங் போன அன்று குழந்தையைக் கீழே இறக்காமல் வைத்திருந்தவள் அவள்.]

ஜாலுங் ஊசியை எடுத்துக்கொண்டு, எல்லோரும் பார்க்கப் பொதுக்கூடத்தில் போய் உட்கார்ந்தான்.

"என்ன மாப்பிள்ள, காலேஜுல மணி கோக்கவும் சொல்லிக் குடுத்தாங்களா?" என்றாள் அத்தை.

"கால் போடப்போறேன்."

"யாரு போடச் சொன்னா? அவ வாயால சொன்னாளா?"

"சொன்னா. கடைசியாப் பேசினதே அதான்."

உபுங் சொன்னதை அவன் அப்படியே சொன்னான்.

3

அதை எழுதத்தான் வரவில்லை.

முதல் முயற்சி: "நம்ம பொண்ண நல்லாப் பாத்துக்கோ." (எல்லாக் கதையிலும் சாகிறவர்கள் இதைத்தான் சொல்கிறார்கள். அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: "அவ சொந்தக் கால்ல நிக்கணும்." (அழகாக இருக்கிறது. உபுங் அழகாகப் பேசுகிறவள் இல்லை.)

சரி, அதைக் கேட்டதும் நடந்ததைச் சொல்கிறேன். அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "திருட்டுக் கழுத," என்றாள். கண்ணைத் துடைத்தாள். கழுத்திலிருந்த மஞ்சள் மணிமாலையைக் கழற்றி, நூலைப் பல்லால் கடித்து அறுத்து, மணிகளை அவன் மடியில் கொட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்து வலது காலை அவளே கோத்தாள். அவன் போட்ட இடது கால் கோணல். பிரிக்கப் போனவனின் கையில் தட்டினாள்.

4

மறுநாள் ஜாலுங் தூளியை முதுகில் மாட்டிக்கொண்டு கடைசிக் கதவிலிருந்து நடுக்கதவுக்கு நடந்தான். தூளியில் கட்டிய சிப்பிகளும் சிறுத்தைப் பற்களும் கலகலத்தன. கெட்ட ஆவிகள் விலகத்தான் அந்தச் சத்தம். அன்று மனிதர்களும் விலகி வழிவிட்டார்கள். முதுகில் குழந்தை எம்பி எம்பிக் குதித்தாள்.

அவளுக்கு வைத்த பெயரை நான் எழுதப்போவதில்லை. நீங்களே ஒன்று வையுங்கள். அவளை வளருங்கள், எங்கே வேண்டுமானாலும் நடக்கவிடுங்கள். முடிவு உங்களுடையது. உபுங் சொன்னதில் மட்டும் கை வைக்காதீர்கள்:

"மஞ்ச மணி காலுக்குப் பத்தாது. அத்தை கழுத்துல சும்மாதான தொங்குது, கேட்டு வாங்கு."