பொன்னாடை தீர்ந்த மண்டபம்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. என் பல்செட் மீது சத்தியம். இந்த வயதில் என்னிடம் முழுதாக மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான்.

குளுவாங் ஊரில் எங்கள் சங்க மண்டபத்தில் மாற்றுத்திறனாளிகள் தின விழா நடந்தது. பேச்சாளர் தர்மினி. விபத்தில் கால்கள் செயலிழந்தவள். சக்கர நாற்காலியில் ஊர் ஊராகப் போய் உரிமை பற்றிப் பேசுகிறவள். அவளை அழைக்கச் சங்கத் தலைவர் தேவானந்தனுக்கு விருப்பமில்லை. ஆனால் விழாச் செலவை ஏற்றுக்கொண்ட, டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனிதர், சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவரோடு படம் எடுத்துக்கொள்ள ஆசைப்பட்டார். டத்தோவின் ஆசைக்கு முன்னால் தலைவரின் விருப்பம் எம்மாத்திரம்.

விருப்பமில்லாத காரணம் ஊருக்கே தெரியும். தேவானந்தனின் தங்கை சுகந்தினியும் தர்மினியும் பெர்மாஸ் ஜெயாவில் பல வருடம் ஒரே வீட்டில் வாழ்ந்தார்கள். தோழிகள் என்றது குடும்பம். தம்பதி என்றார்கள் அவர்கள். போன வருடம் சுகந்தினி புற்றுநோயில் இறந்தாள். உடலை அண்ணன் தன் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். தேடி வந்த தர்மினியிடம், வீட்டுக்குப் படி இருக்கிறது, நாற்காலியைத் தூக்க ஆளில்லை என்று சொல்லிவிட்டார்கள். முகம் பார்க்காமலே அவள் திரும்பினாள்.

ஆகவே விழா தொடங்குமுன் தேவானந்தன் அவளைத் தனியே அழைத்துச் சொன்னார்.

"நாற்காலியப் பத்திப் பேசும்மா. வேலை, பஸ்ஸு, டாய்லெட், எல்லாம் பேசு. மத்த கதை வேணாம்லா."

"ரெண்டும் ஒரே கதைதாண்ணே. பிரிச்சுச் சொல்ல எனக்குத் தெரியல."

"சுகந்தினி பேரு மட்டும் வரக்கூடாது."

"அந்தப் பேரச் சொல்லத்தான் வந்தேன்."

அவள் மேடை ஏற, செம்பனைக் குலை ஏற்றும் லாரியின் பலகையைச் சரிவாகப் போட்டு வைத்திருந்தான் அறிவிப்பாளன் ஐயாசாமி. அவன் தள்ளிய வேகத்தில் தர்மினி மேடையைக் கடந்து, பின்திரைக்குள் புகுந்து, ஒரு சுற்றுச் சுற்றி, சரியாக மைக் முன்னால் வந்து நின்றாள். கலைந்த முடியை ஒதுக்கிவிட்டு வணக்கம் சொன்னாள்.

வேலை பற்றிப் பேசினாள், கைதட்டினோம். பஸ் பற்றிப் பேசினாள், டத்தோவே தட்டினார். பிறகு குரலை உயர்த்தாமல் சொன்னாள்:

"போன வருசம் ஒரு சாவு வீட்டுக்குப் போனேன். படி இருக்கு, தூக்க ஆளில்லன்னாங்க. ரோட்டுலயே நின்னேன். கொஞ்ச நேரத்துல அதே படி வழியா பெட்டியத் தூக்கிட்டு வந்தாங்க. நான் அந்தப் பெட்டியவிட லேசுங்க."

எங்கள் மேடைகளில் பேச்சை நிறுத்த மைக்கைப் பிடுங்க மாட்டோம், அது அவமரியாதை. பொன்னாடை போர்த்துவோம். போர்த்தினால் கும்பிட்டுவிட்டு இறங்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். தலைவர் கண் காட்டினார். ஐயாசாமி ஓடிப் போய்ப் போர்த்தினான். தர்மினி கும்பிட்டாள். இறங்கவில்லை.

"பெட்டிக்குள்ள இருந்தது சுகந்தினி. அவகூடத்தான் நான் குடும்பம் நடத்தினேன்."

இரண்டாவது பொன்னாடை.

"நடக்க முடியலன்னா பாவம்ங்கிறீங்க. ஒரு பொண்ணு பொண்ண நேசிச்சா மானம் போச்சுங்கிறீங்க. ரெண்டுக்கும் நீங்க சாத்துற கதவு ஒண்ணுதான்."

அடுத்தது, அதற்கடுத்தது. அவள் பேசப் பேசப் போர்த்தினார்கள்.

"அலமாக், தீந்துருச்சு தலைவரே," என்றான் ஐயாசாமி. "டத்தோவுக்கு வச்சிருந்ததும் போச்சு."

"மேசத் துணி இருக்கில்ல?"

மேசைத் துணி போனது. டத்தோவின் முகம் அச்சிட்ட வரவேற்புப் பதாகையும் போனது. மேடையில் துணிக்குவியல்தான் தெரிந்தது. குரல் மட்டும் அதற்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது. சுகந்தினிக்குக் கடைசி நாட்களில் சோறு இறங்காததையும், கஞ்சியை ஊதி ஊதிக் கொடுத்ததையும் சொல்லிக்கொண்டிருந்தது.

கடைசியில் தேவானந்தனே தம் தோள் துண்டை உருவிக்கொண்டு பலகை வழியாக ஏறினார்.

"அண்ணே," என்றது குவியல். "இங்க படி இல்ல. பலகைதான். இப்ப என்ன காரணம் சொல்லப் போறீங்க?"

தேவானந்தன் துண்டைத் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு ஒவ்வொரு துணியாக எடுத்து, மடித்து, ஓரமாக வைத்தார். அவள் முகம் தெரிந்ததும் மைக்கை வாங்கினார்.

"சுகந்தினி என் தங்கச்சி. இவங்க அவளோட வீட்டுக்காரி. அன்னிக்கு நான் உள்ள விட்டிருக்கணும்."

மண்டபமே எழுந்து நின்றது. பொன்னாடை கிடைக்காத டத்தோவும் நின்றார். சாப்பாடு தயார் என்று அறிவித்தும் ஒருவர்கூட நகரவில்லை.

அந்த மேடைக்கு இன்றுவரை படிகள் மட்டும்தான். பலகை எதையும் யாரும் போட்டதில்லை, அந்த விழா நாளிலும்கூட. என் பல்செட்டைப் போலத்தான் என் சத்தியமும்.